அப்டேட்: 2 ஜிபி ரேம் லேப்டாப்புக்கு எடிட்டர் முடிவாயிடுச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பழைய லேப்டாப், 2 ஜிபி ரேம், லுபுண்டு (லைட்டான ஒரு லினக்ஸ்), சி ப்ரோக்ராமிங் படிக்கிறதுக்கு லைட்டா ஒரு எடிட்டர், அதான் கோடு எழுதுற சாஃப்ட்வேர், வேணும்னு. ஆளுக்கு ஒண்ணு சொன்னீங்க, பாதிப் பேரு கீபோர்டுலயே எல்லாம் பண்ற விம் எடிட்டர்தான்னு ஒரே பிடியா நின்னீங்க. சரின்னு அதோட பயிற்சிப் பாடம் விம்டியூட்டர் முழுசா முடிச்சேங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்சர்ட் மோட்ல (டைப் பண்ற மோட்) இருக்கோமா இல்லையான்னு மறந்துட்டு, கர்சரக் கீழ நகத்த அடிக்கிற ஜே கீய ஜே ஜேன்னு ஃபைல் ஃபுல்லா அடிச்சு வச்சதுதான் மிச்சம் 😅

கடைசில ஜீனிங்கிற (Geany) எடிட்டர்தான். டபுள் க்ளிக் பண்ணா டக்குனு திறந்துடுது, எஃப்9 அடிச்சா பில்டு (கோட ஓடுற ப்ரோக்ராமா மாத்துறது), எஃப்5 அடிச்சா ரன், எர்ரர் வந்தா கீழ அந்த வரியக் க்ளிக் பண்ணாலே நேரா கோடுக்குப் போயிடுது, டெர்மினலுக்கும் எடிட்டருக்கும் ஓடுற வேலையே இல்ல.

ஒரு இடத்துல மட்டும் ஒரு சாயந்திரமே போச்சு. ஸ்கொயர் ரூட் போட்ட ப்ரோக்ராம் கம்பைல் ஆகுது, எல்லாத்தையும் சேர்த்து லிங்க் பண்ற பில்டுல மட்டும் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்'னு கத்துது. மேத்.எச் இன்க்ளூட் பண்ணா மட்டும் போதாதாம், லிங்க் பண்றப்போ மேத் லைப்ரரியயும் சொல்லணுமாம். பில்டு மெனுல செட் பில்டு கமாண்ட்ஸ் போய் அந்த ஜிசிசி (சி கம்பைலர்) வரிக் கடைசில மைனஸ் எல்எம் (-lm) சேர்த்தேன், உடனே ஓடிடுச்சு. ஜீனி மேல தப்பே இல்ல, நான்தான் திட்டிட்டு இருந்தேன்.

எஸ்எஸ்எச்ல, அதான் டெர்மினல் வழியா வேற கம்ப்யூட்டருக்குள்ள, போறப்போ மட்டும் மைக்ரோங்கிற டெர்மினல் எடிட்டர். கன்ட்ரோல் எஸ் சேவ், கன்ட்ரோல் க்யூ வெளிய, புதுசா எதையும் மனப்பாடம் பண்ண வேணாம். விம் அண்ணன்மாரே, கோச்சுக்காதீங்க, அன்இன்ஸ்டால் பண்ணல 🙏