மறுமொழி: ‘ஓப்பன் வாட்டர் ஸ்விம்மிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். கடல், ஏரி, ஆறு போன்றவற்றில் நீந்தும் ‘ஓப்பன் வாட்டர் ஸ்விம்மிங்’ பற்றிய கலைக்களஞ்சியப் பதிவுக்குச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. ‘திறந்த நீர் நீச்சல்’ என்று தொடங்கி ‘திறவெளி நீர்’, ‘கட்டற்ற நீர்’ வரை வந்துவிட்டோம். எல்லாம் ‘ஓப்பன்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் நிற்கின்றன. குளத்தில் நீந்திப் பழகியவர்கள் கரைச்சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்து வைத்த பெயர் அது. கடலில் முதலில் இறங்கியவர்கள் செய்ததைப் பார்த்துப் பெயர் வைத்தால் நமக்கு வேறு சொற்கள் கிடைக்கும் என்பது என் வாதம். உங்கள் கேள்விகளுக்கு இடையிடையே எழுதுகிறேன்.

> ‘திறந்த நீர்’ என்பதில் என்ன குறை? படித்ததும் புரிகிறதே.

எனக்கு மூடி திறந்த தண்ணீர்ப் புட்டிதான் நினைவுக்கு வருகிறது. கடலை யாரும் மூடி வைத்ததில்லை; ஆகவே தமிழில் ‘திறந்த’ என்ற அடைக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் ‘கடல்நீச்சல்’ என்று மட்டும் சொல்லிவிட்டும் தப்ப முடியாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து இடம்பெறும் 10 கிலோமீட்டர் போட்டி கடலில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆறு, ஏரி எதுவும் ஆகலாம். 1954இல் மேரிலின் பெல் என்ற 16 வயதுப் பெண் ஒன்டாரியோவைக் கிட்டத்தட்ட 21 மணி நேரம் நீந்திக் கடந்தார். அது ஏரி. அந்த ஏரியின் நடுவில் இருப்பவருக்குக் கரை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விளையாட்டுப் பிரிவின் பொதுப்பெயருக்கு நான் ‘பெருநீர் நீச்சல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘பெருநீர்’ என்றால் கடல் என்று அகராதியிலேயே உண்டு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பேரேரிக்கும் பேராற்றுக்கும் இடம் தருகிறது. இதற்கு மேல் இந்தப் பொதுப்பெயரில் நேரம் செலவிட வேண்டாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

> ‘சேனல் கிராசிங்’ என்பதைக் ‘கால்வாய் கடத்தல்’ எனலாம்.

ஐயா, இரண்டு சொல்லும் இடிக்கின்றன. ‘நீரிணைக் கடத்தல்’ என்று தலைப்பிட்டுப் பாருங்கள். பாக்கு நீரிணையைப் பொறுத்தவரை படிப்பவர் தங்கக்கட்டியையோ பீடி இலையையோதான் எதிர்பார்ப்பார்.

‘கால்வாய்’ அதைவிட மோசம். ‘ஆங்கிலக் கால்வாய்’ என்பது நிலைத்துவிட்ட பெயர், அதை இனி யாரும் மாற்றப்போவதில்லை. ஆனால் அதை வைத்துப் பொதுச்சொல் கட்டக் கூடாது. கால்வாய் என்பது மனிதன் வெட்டியது. மிகிர் சென் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1958 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலே வரை 14 மணி 45 நிமிடத்தில் நீந்தினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் இந்தியர். 1966இல் ஒரே ஆண்டில் பாக்கு நீரிணை, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், போஸ்போரஸ் ஆகியவற்றை நீந்தி, கடைசியில் பனாமா கால்வாயையும் முடித்தார். பனாமா உண்மையிலேயே வெட்டிய கால்வாய். இரண்டையும் ‘கால்வாய் நீச்சல்’ என்று எழுதினால், மதகும் கரையும் உள்ள ஒரு வாய்க்காலும், ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) மாறும்போதெல்லாம் ஆளைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் ஒரு கடல்துண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அவர் செய்ததன் பாதிப் பெருமை அங்கேயே போய்விடும்.

இழுப்பு எவ்வளவு என்று தெரிய, ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திய மேத்யூ வெப்பின் கணக்கு போதும். டோவர் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் 33, 34 கிலோமீட்டர்தான். 1875 ஆகஸ்ட் 24 அன்று டோவரின் அட்மிரால்ட்டி துறையிலிருந்து குதித்த வெப் கலே அருகே கரையேற எடுத்துக்கொண்டது 21 மணி 45 நிமிடம். வளைந்து வளைந்து அவர் நீந்திய தொலைவு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓதம் திசை மாறும். பிரான்சின் கிரி நே முனைக்கு அப்பால் கரையைப் பார்த்தபடியே மணிக்கணக்கில் முன்னேற முடியாமல் கிடந்தார். சொறிமீன் கொட்டியது வேறு. இவ்வளவையும் மார்பு நீச்சலில் செய்தார், உடம்பெங்கும் கடற்பன்றி எண்ணெயைப் பூசிக்கொண்டு. நம் மீனவர்கள் ‘நீவாடு’ என்று சொல்கிற அந்த ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் வழிபார்த்துப் போவதுதான் இந்தக் கலையில் பாதி. ‘மாரத்தான் நீச்சல்’ என்பதிலுள்ள ‘மாரத்தான்’ என்ற ஒட்டு எனக்குப் பிடிக்காததற்கும் இதுதான் காரணம். அது தொலைவை மட்டும் சொல்கிறது.

அப்படியானால் செயலுக்குப் பெயர் என்ன? புதிதாக ஒன்றும் வேண்டாம், ‘நீந்தல்’ போதும். தமிழில் ‘நீந்து’ என்ற வினை, இன்று நாம் பயன்படுத்துவதுபோல நீரில் கைகால் அசைப்பதை மட்டும் குறித்ததில்லை. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்னும்போது வள்ளுவர் சொல்வது மறுகரை சேர்வதை. ‘பிறவாழி நீந்தல் அரிது’ என்பதும் அதே பொருளில்தான். கடலில் நீந்துவது வேறு, கடலை நீந்துவது வேறு. இந்த வேற்றுமை உருபு ஒன்றே நமக்கு வேண்டிய வேறுபாட்டைச் செய்துவிடுகிறது. எனவே ‘நீரிணை நீந்தல்’, ‘கடல் நீந்தல்’. ‘கடத்தல்’ வேண்டவே வேண்டாம். ‘கடப்பு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தப்பில்லை, ஆனால் படகில் போனாலும் கடப்புதான்.

> ‘அன்அசிஸ்டட்’ = உதவியின்றி. இதில் விவாதிக்க ஏதுமில்லை.

இருக்கிறது. வெப்புக்குப் பக்கத்தில் படகுகள் வந்தன. படகிலிருந்து பிராந்தியும் மாட்டிறைச்சிச் சாறும் காப்பியும் கொடுத்தார்கள். அது உதவி இல்லையா? பிறகு எந்தக் கணக்கில் அவர் முதல்வர்? அதே 1875இல், வெப்புக்கு மூன்று மாதம் முன்பு, பால் பாய்ட்டன் என்ற அமெரிக்கர் அதே கடலைக் கடந்திருந்தார். காற்று நிரப்பிய ரப்பர் உடுப்புக்குள் மல்லாந்து படுத்து, துடுப்புப் போட்டு, சின்னப் பாய்கூடக் கட்டிக்கொண்டு போனார். துணிச்சல்காரர்தான், ஆனால் அதை நீச்சல் என்று யாரும் ஏற்கவில்லை. பாதி ஆள், பாதித் தோணி. ஆக, விலக்கப்படுவது மிதக்கவோ முன்னேறவோ உதவும் கருவியே. ‘உதவியின்றி’, ‘துணையின்றி’ என்று எழுதினால் கடலில் தன்னந்தனியாகப் போனார் என்று படிப்பவர் நினைப்பார். ‘மிதவைத் துணையின்றி’ அல்லது பொதுவாகக் ‘கருவித் துணையின்றி’ என்றால் சரியாக வரும்.

தொடுதல் பற்றியும் ஒரு சொல் வேண்டும். படகையோ ஆளையோ நீந்துபவர் பற்றிக்கொண்டாலோ, யாராவது அவரைத் தாங்கிப் பிடித்தாலோ, முயற்சி அத்துடன் முடிந்தது. 1925இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்ற கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்கப் பெண்ணின் பயிற்சியாளர் ஜேபெஸ் வொல்ஃப். தாமே இருபதுக்கும் மேற்பட்ட முறை அந்தக் கடலில் இறங்கி ஒருமுறையும் மறுகரை காணாதவர். எடர்லி மூழ்குகிறார் என்று சொல்லி, உடன் நீந்திய ஒருவரை விட்டு அவரைப் பிடித்துத் தூக்கவைத்தார். தான் இளைப்பாறிக்கொண்டுதான் இருந்தேன் என்று எடர்லி கடைசிவரை சொன்னார். யார் சரி என்பது விதிக்குப் பொருட்டில்லை, கை பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு வேறு பயிற்சியாளருடன் திரும்பி வந்து, 1926 ஆகஸ்ட் 6 அன்று 14 மணி 34 நிமிடத்தில் முடித்தார். இதற்குத் ‘தொடாவிதி’ என்ற சொல்லையே பரிந்துரைக்கிறேன். தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்கும் புரியும்.

> நீச்சல் வீரர் / நீச்சல் வீராங்கனை என்று இரண்டு பதிவுகள் போடலாமா?

வேண்டாம், ‘நீந்துநர்’ போதும். எடர்லிக்கு முன் அந்தக் கடலை நீந்தியவர்கள் ஐந்து ஆண்கள்: வெப், 1911இல் பர்ஜெஸ், 1923இல் சலிவன், டிராபோஸ்கி, டோத். ஐவரில் வேகமான டிராபோஸ்கி எடுத்தது 16 மணி 33 நிமிடம். எடர்லி அதைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைத்தார். கடல் பால் பார்த்து வழிவிடுவதில்லை. 1959இல் ஆரத்தி சாஹா ஆசியப் பெண்களில் முதல்வராக அதே கடலை நீந்தியதைச் சொல்லும்போது பெண் என்ற செய்தி வாக்கியத்தில் வரட்டும், ஆளைக் குறிக்கும் சொல்லில் வேண்டியதில்லை.

> ‘அப்சர்வர்’ = பார்வையாளர்.

இந்த இழையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். பார்வையாளர் என்றால் சீட்டு வாங்கி வேடிக்கை பார்ப்பவர். படகில் உட்கார்ந்து நேரமும் இடமும் குறித்து, தொடாவிதி மீறப்படவில்லை என்று கையெழுத்திடுபவர் வேடிக்கை பார்க்க வந்தவரா? அப்படி ஒருவர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு ஒரு மோசடிக் கதை இருக்கிறது. 1927 அக்டோபர் 7 அன்று மெர்சிடிஸ் கிளைட்ஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்தினார், பிரிட்டிஷ் பெண்களில் முதல்வர். சில நாட்களில் டாக்டர் டாரதி லோகன் என்பவர் 13 மணி 10 நிமிடத்தில் நீந்தியதாக அறிவித்து எடர்லியின் நேரத்தையே முறியடித்தார். பரிசுப் பணமும் வந்தது. பிறகு அவரே வாய்திறந்தார்: பெரும்பகுதி படகில்தான் வந்தேன், எவ்வளவு எளிதாக ஏமாற்றலாம் என்று காட்டவே இதைச் செய்தேன் என்றார். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அடி விழுந்தது கிளைட்ஸுக்கு. உண்மையாக நீந்தியவரையும் உலகம் சந்தேகமாகப் பார்த்தது. அக்டோபர் 21 அன்று நீர் இன்னும் குளிர்ந்த நிலையில் மீண்டும் இறங்கினார். பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கி, மயங்கும் நிலையில் வெளியே எடுக்கப்பட்டார். மறுகரை சேரவில்லை, ஆனால் அவர் பொய் சொல்பவரல்ல என்பது எல்லோருக்கும் விளங்கியது. அந்த ஆண்டுதான் கால்வாய் நீச்சல் சங்கம் உருவாகி, முறையாகச் சான்றளிக்கும் வழக்கம் வந்தது.

ஆகவே ‘சான்றாளர்’. ‘நோக்கர்’ தேர்தலுக்கு இருக்கட்டும், ‘கண்காணிப்பாளர்’ தேர்வறைக்கு. இங்கே வேண்டியது பின்னால் சாட்சி சொல்லக்கூடியவர்.

> நம்மவர் உதாரணங்களையும் கலைக்களஞ்சியப் பதிவில் சேர்க்கவும். பாக்கு நீரிணைக்கு மிகிர் சென் போதும் அல்லவா?

போதாது. அவரே முதல்வர் என்ற பிழை இந்திய இதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மிகிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். இந்தியக் கடற்படை துணைவந்தது, 25 மணி 36 நிமிடம் ஆனது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரில்தான் அவர் கரையேறினார் என்பதையும் யாரும் எழுதுவதில்லை. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, 1954இல், இலங்கையின் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு 27 மணி நேரத்தில் நீந்திவிட்டார். பதிவில் முதலில் வர வேண்டியது அவர் பெயர். மேரிலின் பெல் ஒன்டாரியோவை நீந்திய அதே ஆண்டு என்பதையும் கவனியுங்கள். பெல்லை ஒரு நாடே கொண்டாடியது.

அடுத்து வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன். 1971இல் கோடியக்கரைக்கு நீந்திப் போய், அங்கிருந்து நீந்தியே திரும்பினார், மொத்தம் 51 மணி நேரம். ஆங்கிலக் கால்வாயில் அப்படிப் போய்வருவதை முதலில் செய்தவர் அர்ஜென்டினாவின் அபெர்டொண்டோ, 1961இல், 43 மணி 10 நிமிடத்தில். ‘டூ-வே’ என்பதற்கு ‘இருவழி நீச்சல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாலைக்கு. ‘மீள்நீச்சல்’ என்றால் தோற்றவர் மறுபடி முயல்வதுபோல ஒலிக்கிறது. ‘சென்றுமீள் நீந்தல்’ என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் 51 மணி நேரச் செயலுக்கு இவ்வளவு நீளம் தகும்.

ஆனந்தனை ஈழத்தில் ‘ஆழிக்குமரன்’ என்றே அழைத்தார்கள். 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் இறந்தார். எடர்லி கரையேறியதும் ஒரு ஆகஸ்ட் 6தான். இந்தப் பட்டத்தைக் கண்டு ஒரு நண்பர் எல்லா நீந்துநருக்கும் ‘ஆழியர்’ என்று பெயர் வைக்கலாம் என்றார். கவிதைக்கு நல்லது, அகராதிக்கு வேண்டாம். அது ஒருவருக்கு ஊர் கொடுத்த பெயர், அவருக்கே இருக்கட்டும்.

> ‘ரிலே’ – தொடர் நீச்சல்?

தமிழ்நாட்டில் ‘தொடர் ஓட்டம்’ என்கிறோம், சரி. ஆனால் 27 மணி நேரம் நிற்காமல் நீந்துவதும் தொடர் நீச்சல்தானே? நான்கு பேர் மாறி மாறி நீந்தியதற்கும் ஒருவர் விடாமல் நீந்தியதற்கும் ஒரே சொல் இருந்தால் சான்றாளருக்கே தலை சுற்றும். இலங்கையில் ‘அஞ்சல் ஓட்டம்’ என்பார்கள். அதைப் பின்பற்றி ‘அஞ்சல் நீச்சல்’ என்று வைத்துக்கொள்வோம். மறுப்பிருந்தால் பட்டியல் பதிவேறும் முன் எழுதுங்கள்.

அன்புடன்