ஸ்ட்ரட்: உதைகாலா, வில்காலா, தணிகாலா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் வீட்டிலேயே ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கிப் பிடித்து, துள்ளலையும் தணிக்கும் பாகம்) மாற்றுவதற்கான செய்முறைக் கையேட்டைத் தமிழாக்கும் வேலையில், முதல் பக்கத்திலேயே சொல் இடிக்கிறது. ஸ்ட்ரட்டுக்கு முட்டு, தாங்குகம்பு, உதைகால் என்று எழுதுவதைப் பார்க்கிறோம். மூன்றும் கட்டட வேலையிலிருந்து வந்தவை. கான்கிரீட் பலகைக்கு அடியில் கொடுக்கும் முட்டு அசையவே கூடாது. காரின் ஸ்ட்ரட்டோ நீண்டு சுருங்குவதற்கென்றே செய்தது. ‘முட்டுக்கால்’ என்று சேர்த்துப் பார்த்தால் முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

சாக் அப்சார்பருக்கு எழுதும் ‘அதிர்வு உறிஞ்சி’யையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கருத்து வந்துள்ளது. என் பரிந்துரை ‘வில்கால்’. ஜெர்மன் மொழியில் இதை ‘ஃபெடர்பைன்’ என்கிறார்கள். ஸ்பிரிங்கும் காலும் சேர்ந்த சொல். கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்

---

மறு: ஸ்ட்ரட்

> சாக் அப்சார்பருக்கு எழுதும் ‘அதிர்வு உறிஞ்சி’யையே

இது கூடவே கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிப்பவர் இரண்டையும் ஒரே மாதிரி கழற்றப் போவார். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பாருங்கள். அதிலும் சாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் இருக்கிறது. பார்வைக்கு ஸ்ட்ரட் மாதிரியேதான். ஆனால் அங்கே சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. சாக் அப்சார்பரை உருவி எடுத்தாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். ஸ்ட்ரட் உள்ள காரில் மேல் கை கிடையாது. அந்த வேலையையும் ஸ்ட்ரட்டே செய்கிறது. அதை எடுத்ததும் நக்கிளும் (ஸ்ட்ரட்டின் அடியில் பூட்டிச் சக்கரத்தைத் தாங்கும் பாகம்) ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) வெளிப்பக்கமாகச் சாய்ந்து, பாரம் முழுவதும் பிரேக் ஹோஸில் தொங்கும். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியவும் தெரியாது.

குழலுக்குள் போய் வரும் ராடின் தடிமனைப் பார்த்தாலே வேறுபாடு புரியும். சாதாரண சாக் அப்சார்பரின் ராட் சுமார் 12 மி.மீ இருக்கும், ஸ்ட்ரட்டின் ராட் 20 முதல் 22 மி.மீ வரை. பக்கவாட்டில் வளைக்கும் விசையை அது தாங்கியாக வேண்டும் என்பதுதான் காரணம்.

இன்னொன்று, ‘அதிர்வு உறிஞ்சி’ என்பதே சரியில்லை. பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அதற்குப் பிறகு வண்டி துள்ளிக்கொண்டே இருக்காமல், ஆயிலைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஆட்டத்தை வெப்பமாக்கித் தணிப்பதுதான் இதன் வேலை. ஆகவே சாக் அப்சார்பருக்குத் ‘தணிப்பான்’ என்பதே பொருந்தும்.

> என் பரிந்துரை ‘வில்கால்’

அழகான சொல்தான். ஆனால் போர்ஷே 911-இல் உடைந்துவிடுகிறது. 1980-களின் கடைசி வரை வந்த 911-களின் முன்பக்கம் ஸ்ட்ரட் உண்டு, அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் இல்லை. எடையைத் தாங்குவது முறுக்குத் தண்டு (முறுகுவதாலேயே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார்). வில் இல்லாததை வில்கால் என்பது எப்படி?

ஸ்டியரிங்கோடு திரும்புவதையும் பெயரில் கொண்டுவர முடியாது. பொறியாளர் எர்ல் மெக்ஃபெர்சனின் ஸ்ட்ரட் வடிவமைப்பு 1950-இல் ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் கார்களில் முன்சக்கரத்துக்கு வந்தது. அதே கருத்தை லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் லோட்டஸ் எலீட்டின் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனார். அது திரும்புவதே இல்லை. டாட்சன் 240இசட் காரில் நான்கு மூலைகளிலும் ஸ்ட்ரட். முன்னிரண்டு திரும்பும், பின்னிரண்டு திரும்பாது.

வில்லையும் திருப்பத்தையும் தள்ளிவிட்டால் எல்லாவற்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது இரண்டு: ஆட்டத்தைத் தணிக்கிறது, சக்கரத்தைக் கால்போல் நிமிர்த்திப் பிடிக்கிறது. எனவே என் பரிந்துரை ‘தணிகால்’.

---

மறு: மறு: ஸ்ட்ரட்

தணிகால் எனக்கு உடன்பாடு. இலக்கணத்தில் ஒரு ஐயம் வரலாம்: ‘தணி’ என்றால் தானே தணியும் கால் ஆகாதா? ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தணிந்தான், தணித்தான் இரண்டுக்கும் பகுதி ‘தணி’தான். வினைத்தொகையில் பகுதி மட்டுமே நிற்கும், பொருளை இடம் உணர்த்தும். ஊன்றுகோலில் நாம் கோலைத்தான் ஊன்றுகிறோம், கோல் எதையும் ஊன்றுவதில்லை, யாரும் குழம்பியதில்லை. ஒன்று மட்டும் கவனம்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘தணிக்கால்’ என்று எழுதிவிட வேண்டாம்.

பந்தற்கால், கட்டில்கால் என்று தாங்கி நிற்பதையெல்லாம் கால் என்றே சொல்லிப் பழகிய மொழி இது. அதனால் ‘கால்’ ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை.

சொல் தாங்குமா என்பதை வேலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். செய்முறையை எழுதிப் பார்த்தேன். பாகம் வாங்கும்போது ஸ்ட்ரட் என்றே கேட்க வேண்டியிருக்கும். எனவே முதல் இடத்தில் ‘ஸ்ட்ரட் எனப்படும் தணிகால்’ என்று எழுதிவிட்டு, பிறகு தணிகால் மட்டும்.

“வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கியால் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் இறக்கவும். சக்கரத்தைக் கழற்றியதும் தணிகாலில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர் இருந்தால் அது, ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டு) லிங்க் ஆகியவற்றை விடுவிக்கவும்.

“தணிகாலின் அடிப்பகுதியை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளைத் தொடும் முன் குறி போட வேண்டும். பல வண்டிகளில் மேல் போல்ட் கேம் போல்ட், அதாவது திருப்பினால் சக்கரத்தின் சாய்வு மாறும் போல்ட். அதன் தலை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கூரான ஆணியால் உலோகத்தில் கோடு கிழிக்கவும். சாக்பீஸ் குறி ஆயில் பட்டால் அழிந்துவிடும். பழைய வண்டியில் இந்த போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வைக்கவும். சுத்தியலால் அடிப்பதானால் நட்டை முழுதும் கழற்றாமல், போல்ட்டின் நுனியோடு சமமாக நிறுத்தி அடிக்கவும். இல்லையென்றால் போல்ட் நுனி பூப்போல விரிந்து துளையில் சிக்கிக்கொள்ளும்.

“போல்ட்டுகளை உருவும் முன் நக்கிளைக் கம்பியால் வண்டியின் உடம்போடு கட்டிவிடவும். கடைசி வேலை, பானெட்டுக்கு அடியில் தணிகால் தலையில் உள்ள நட்டுகள். ஓரத்தில் உள்ள சிறிய நட்டுகளை (பெரும்பாலும் மூன்று) மட்டும் கழற்றவும். ஒருவர் கீழே தணிகாலைத் தாங்கிப் பிடித்திருக்கட்டும். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடவே கூடாது.”

சொல் எங்கும் முட்டவில்லை. தணிகால் தலை, தணிகால் குழல் என்று கூட்டுச்சொற்களும் இயல்பாக வருகின்றன. டொயோட்டா எம்ஆர்2 போல எஞ்சின் நடுவில் உள்ள வண்டிகளுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்: பின்பக்கத் தணிகாலை எடுத்தபின் நக்கிளை வெளியே இழுத்துச் சாய்த்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டு பிரிந்துவிடும்.

கேம் போல்ட் இல்லாத வண்டியிலும் ஏன் குறி போட வேண்டும் என்று கேட்பார்கள். காரணத்தைக் கையேட்டிலேயே எழுதிவிடலாம். இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே 55 மி.மீ இருந்தால், மேல் துளையில் அரை மில்லிமீட்டர் விலகினாலே கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) சுமார் அரை டிகிரி மாறும். குறி போட்டது வீல் அலைன்மென்ட் செய்யும் இடம் வரை வண்டியை நேராக ஓட்டிப் போகத்தான். அலைன்மென்ட்டுக்கு அது மாற்று அல்ல. தணிகாலை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும் என்பதும் அதே பத்தியில் வரட்டும்.

---

மறு: ஸ்பிரிங் கம்ப்ரஸர், நடு நட்

தணிகாலை ஏற்றுக்கொள்கிறேன். என் கவலை அடுத்த சொல் பற்றியது. வரைவில் ஸ்பிரிங் கம்ப்ரஸருக்கு (ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடிக்கும் கருவி) ‘சுருள்வில் இறுக்கி’ என்றிருக்கிறது. ‘இறுக்கியைத் தளர்த்தவும்’ என்று படித்தால் நட்டைச் சொல்கிறதா கருவியைச் சொல்கிறதா என்று நிற்க வேண்டியிருக்கும். இந்த ஒரு இடத்தில் குழப்பம் உயிருக்கே ஆபத்து. ‘ஒடுக்கி’ என்றால் பாத்திரத்தில் விழும் ஒடுக்கு நினைவுக்கு வரும். எளிய சொல் இருக்கிறதே: சுருள்வில் அமுக்கி.

ஆபத்து எவ்வளவு என்பதை எண்ணாகவே சொல்லிவிடலாம். ஒரு மி.மீ அமுக்க 20 நியூட்டன் விசை கேட்கும் சுருள்வில்லை 150 மி.மீ அமுக்கினால் அதில் 225 ஜூல் ஆற்றல் அடைபட்டிருக்கும். 23 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. அமுக்காமல் நடு நட்டைக் கழற்றினால் தணிகால் தலை முகத்துக்கு நேராகப் பாயும்.

ஆகவே கையேட்டில் இப்படி வேண்டும்: இரண்டு அமுக்கிகளையும் சுருள்வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டவும். அருகருகே மாட்டினால் வில் வாழைப்பழம் போல் வளைந்து நழுவும். அமுக்கித் தண்டின் மரைக்கு கிரீஸ் தடவி, ஒன்றை இரண்டு சுற்று, மற்றதை இரண்டு சுற்று என்று மாறி மாறிக் கைச் ஸ்பேனராலேயே திருகவும். இம்பாக்ட் கன் வைத்தால் மரை சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பாதி அமுங்கிய வில்லோடு முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. மேல் தட்டைக் கையால் திருப்பினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் இன்னும் அமுங்கவில்லை. சுற்றிய பிறகே நடு நட்.

நடு நட்டைத் திருகும்போது ராட் கூடவே சுழலும். ராடின் நுனியில் ஆலன் கீ போட இடம் இருக்கும். அதைக் கொண்டே பிடிக்கவும். ராடின் பளபளப்பான உடம்பைப் பிளையரால் பிடித்தால் விழும் கீறல், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஆயில் சீலை அறுக்கும். புதுத் தணிகாலே சில வாரங்களில் ஒழுகும். திரும்பப் பூட்டும்போது சுருள்வில்லின் நுனி கீழ்த்தட்டில் உள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். நடு நட் புதிதாக இருக்கட்டும். நைலான் வளையம் உள்ள நட் ஒருமுறை கழற்றியபின் பழைய பிடிப்பைத் தராது. எவ்வளவு இறுக்குவது என்பதை அந்தந்த வண்டியின் ஒர்க்‌ஷாப் கையேட்டிலிருந்து எடுத்து, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பொதுவான எண் ஒன்றை நாம் அச்சிடக் கூடாது.

லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) ரப்பர் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தரையில் பதிந்து வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மேலே ‘மரை’ என்று நான் எழுதியது திருகு வரியை. பட்டறையில் ‘மரை போச்சு’ என்றால் அதுதான் பொருள். சில பட்டியல்கள் நட்டுக்கே மரை என்று போட்டிருக்கின்றன. நட், போல்ட் இரண்டையும் அப்படியே விட்டுவிடுவோம்.

---

மறு: இன்சர்ட்

ஒன்று பாக்கி. டாட்சன் 240இசட்டிலும் பிஎம்டபிள்யூ இ30-இலும் தணிகால் குழலும் சக்கர அச்சும் ஒரே துண்டு. அங்கே முழுத் தணிகாலை மாற்றுவதில்லை. குழலுக்குள் இருப்பதை மட்டும் மாற்றுகிறோம். அந்த இன்சர்ட்டுக்கு ‘உட்செருகி’ என்று வரைவில் உள்ளது. எதைச் செருகுகிறோம் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. காலாக நிற்பது குழல். உள்ளே போவது வெறும் தணிப்பான். எனவே ‘உள்தணிப்பான்’ என்றால் போதும். குழலும் உள்தணிப்பானும் சேர்ந்தால் தணிகால் என்பது பெயரிலேயே விளங்கிவிடுகிறது.

குழலின் வாயை மூடும் பெரிய நட்டுக்கு ‘குழல்வாய் நட்’ என்று வைக்கலாம். அதைத் திறந்ததும் பழைய வண்டியில் ஆயில் வழியும். முழுக்கக் கொட்டித் துடைக்க வேண்டும். இரட்டைக் குழல் வகை உள்தணிப்பான் கடையில் படுத்தே கிடந்திருக்கும், காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்திப் பிடித்து ராடை நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கினால் ஆட்டம் சீராகும். உள்ளே இறக்கும் முன் குழலில் கொஞ்சம் ஆயில் ஊற்றவும், உள்தணிப்பான் இறங்கியபின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவு. தணிப்பதற்கு அல்ல, உள்ளே பிறக்கும் வெப்பத்தைக் குழல் சுவருக்குக் கடத்தவும், துரு பிடிக்காமல் இருக்கவும்.

குழல்வாய் நட் உள்தணிப்பானின் தலையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். முழுதும் இறுக்கியபின் நட்டின் விளிம்புக்கும் குழலின் வாய்க்கும் இடையே ஒன்றிரண்டு மி.மீ இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் நட் குழலில் போய் உட்கார்ந்துவிட்டால் உள்தணிப்பான் உள்ளே தளர்வாக நிற்கிறது என்று பொருள்; ஒவ்வொரு சிறு பள்ளத்துக்கும் ‘டொக் டொக்’ என்று தட்டும். அப்போது நட்டைத் திரும்பக் கழற்றி, அடியில் சரியான உயரத்துக்கு உலோக வளையம் போட்டு மறுபடி பூட்ட வேண்டும்.