புதுப்பிப்பு: கிழநாய்க்கு விடைகொடுக்கும் நாள் - மதிப்பெண் கணக்கில் ஒரு திருத்தம்

போன பதிவில், நாய் இன்னும் நிம்மதியாக வாழ்கிறதா என்று அளக்க அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோலைச் சொல்லியிருந்தேன்: வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்பது. ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண் (10 என்றால் மிக நல்ல நிலை), மொத்தம் 35-ஐத் தாண்டினால் தொடரலாம். திருத்தம் இதுதான்: கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதீர்கள். வலி வரிசையில் மூச்சும் அடக்கம். அது திணறினால் மற்ற ஆறும் நன்றாக இருந்து பயனில்லை. தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாப்பிடுகிறதே என்று ஏமாறவும் வேண்டாம், வலியோடும் நாய் சாப்பிடும்.

வலியில்லாமல் உயிரை விடுவிக்கும் கருணைக்கொலை ஊசி பற்றிக் கேட்டவர்களுக்கு: முதலில் மயக்க மருந்து போடச் சொல்லுங்கள். நீர்ச்சத்து வற்றிய உடம்பில் ஊசி போட ரத்தக்குழாய் சட்டென்று அகப்படாது, தேடும்போது நாய் தவிக்கக்கூடாது. கண் மூடாது, இதயம் நின்றபின்னும் ஓரிரு முறை வாய் திறந்து மூச்சிழுக்கலாம், சிறுநீர் போகலாம். அது வலியல்ல. புதைப்பதானால் ஆழமாகப் புதையுங்கள், கருணைக்கொலை மருந்து உடலிலேயே தங்கும், தோண்டித் தின்னும் விலங்கும் சாகக்கூடும்.