முரலா, கோலானா? முள் ஏன் பச்சையாக இருக்கிறது?

செல்வி, கொல்லம்:
நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்குக் கோலா என்றால் பறவைக்கோலா. துடுப்பை விரித்து அலைக்கு மேலே பறக்கும் மீன். இங்கே சந்தையில் 'கோலான்' என்ற குரல் கேட்டு ஆசையாகப் போனால், மீன்காரம்மா எடுத்துக் காட்டியது வேறு. உடம்பு ஈர்க்குப் போல ஒல்லி. மேலலகு, கீழலகு இரண்டும் நீளம்; ஓரமெல்லாம் ஊசிப் பல். எங்கள் ஊரில் இதை முரல் என்போம். வாங்கி வந்து குழம்பு வைத்தேன், முள் முழுக்கப் பச்சை! அத்தை தட்டைத் தள்ளிவிட்டார். எது சரியான பெயர்? சாப்பிடலாமா?

பாம்பன்காரன்:
தாராளமாகச் சாப்பிடுங்கள் அக்கா. இரண்டு அலகும் நீண்டு, முள்ளும் பச்சை என்றால் முரல்தான். பிலிவெர்டின் என்ற பித்த நிறமி முள்ளில் ஊறியிருக்கிறது. அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சையாகத் தெரிவதும் இதே நிறமியால்தான். எவ்வளவு கொதித்தாலும் போகாது; கெடுதலும் இல்லை.

கேரளத்தில் கோலான், நமக்கு முரல். இரண்டுமே சரி. கோலாவும் முரலும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவு மீன்கள்தாம். கீழலகு மட்டும் நீண்ட இன்னொரு மீனையும் முரல் என்றே விற்பார்கள். அது தனிக் குடும்பம். ஆனால் குஞ்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் முரலின் குஞ்சுக்கும் முதலில் கீழலகுதான் நீளும், மேலலகு பிறகுதான் வளர்ந்து ஈடுகட்டும்.

இரவில் விளக்கோடு கடலில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முரல் வெளிச்சத்தைப் பார்த்துத் துள்ளிப் பாயும். பெரிய வகை ஒன்றரை மீட்டர் வரை வளரும், அலகு உடம்பில் இறங்கிவிடும். தயவுசெய்து விளையாட்டாக நினைக்காதீர்கள்.

மீனாட்சி, சிங்கப்பூர்:
மலாய்க்காரர்கள் இதைத் தோடாக் என்பார்கள். தோடாக் கூட்டம் கரையில் பாய்ந்து ஆட்களைக் குத்திக் கொன்றதாம். ஒரு சிறுவன் வாழைத்தண்டுகளை வரிசையாக நடச் சொன்னான். அலகுகள் அதில் சிக்கிக்கொண்டன. அவன் அறிவுக்கு அஞ்சிய அரசன் அவனையே கொன்றுவிட்டான். அந்த இரத்தத்தால் சிவந்ததுதான் புக்கிட் மேரா, செம்மலை, என்று இங்கே கதை சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

செல்வி, கொல்லம்:
நன்றி தம்பி, நன்றி மீனாட்சி. பித்தப் பச்சை என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். அடுத்த முறை பொரித்துக் கொடு, பார்க்கிறேன் என்கிறார். வாங்கினால் அலகை நறுக்குமுன் படமெடுத்துப் போடுகிறேன், எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.