டிப்பிங் பாயின்ட் பற்றிப் பேசப்போன இடத்தில் நடந்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தொடங்கியவர்:

ஆறு வருடமாக நூலக அரங்கு, கல்லூரி, குடியிருப்போர் சங்கம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் காலநிலை அறிவியல் பற்றிப் பேசிவருகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்து, புரிகிற மாதிரி சொல்ல முயற்சி செய்கிறவன். போன மாதம் நடந்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டியதும் இயற்கை அமைப்பு ஒன்று கவிழ்ந்து வேறு நிலைக்குப் போகும் கட்டம்தான் டிப்பிங் பாயின்ட். அதை விளக்க எப்போதும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்வேன். அதைப் பின்பக்கமாக மெல்லச் சாய்த்துக் கையை விட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். இன்னும் கொஞ்சம் சாய்த்தாலும் வந்துவிடும். ஓர் இடம் வரும். அதற்கப்புறம் ஒரு விரல் பட்டால் போதும், டமார் என்று விழும். அரங்கமே ஒரு நொடி மூச்சடங்கிப்போகும். சொன்னது உறைத்துவிட்டது என்று நானும் திருப்தியாக அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

அன்று கூட்டம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவி வந்து நின்றாள். "சார், ஒன்றரை டிகிரியை 2024-லேயே தாண்டிட்டோம். நாற்காலி விழுந்தாச்சு இல்லையா? அப்புறம் நான் எதுக்கு இந்தப் படிப்பைப் படிக்கணும்?" என்று கேட்டாள். அதில் கிண்டல் துளியும் இல்லை. கையில் இருந்த நோட்டில் '2024 - முடிந்தது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

நின்ற இடத்திலேயே விளக்கினேன். 2024-ன் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது உண்மைதான். ஆனால் பாரிஸ் ஒப்பந்தம் சொல்லும் 1.5 என்பது ஓர் ஆண்டின் கணக்கு இல்லை, சுமார் 20 ஆண்டுகளின் சராசரி. அதோடு, 1.5 என்பது நாடுகள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட எல்லை. அந்தக் கோட்டில் எல்லாமே ஒன்றாகக் கவிழும் என்று யாரும் சொல்லவில்லை. 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, கவிழக்கூடிய 16 அமைப்புகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வரம்பு. கிரீன்லாந்துப் பனிக்கு மைய மதிப்பீடு 1.5 டிகிரி என்றாலும், அது 0.8 முதல் 3 டிகிரிக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வரம்பைத் தாண்டினாலும் அந்தப் பனி முழுக்கக் கரைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நாம் எவ்வளவு தூரம் தாண்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த வேகமும் மாறும்.

அவள் பொறுமையாகக் கேட்டாள், தலையையும் ஆட்டினாள். ஆனால் முகம் மாறவில்லை. அவள் மனதில் அந்த நாற்காலி ஏற்கெனவே விழுந்துவிட்டது. விழவைத்தவன் நான்.

இப்படி உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள். பேசியவராக இருந்தாலும் சரி, கேட்டவராக இருந்தாலும் சரி.

---

பள்ளி ஆசிரியை:

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் வகுப்புச் சுவர்தான் ஞாபகம் வந்தது. 2019-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சார்ட் ஒட்டினார்கள். மேலே 'இன்னும் 11 வருடம்' என்று எழுதி, கீழே எரிகிற பூமி வரைந்திருந்தார்கள். நானும் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் அதே பிள்ளைகள் 11-ஐ அடித்துவிட்டு 10 என்று எழுதினார்கள். அப்போதுதான் ஒருத்தன் எழுந்து, "டீச்சர், 2030-ல எனக்கு இருபத்து நாலு வயசு. அதோட சரியா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

2030 என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு தேடிப் படித்தேன். 2018 அக்டோபரில் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி வெளியிட்ட அறிக்கை, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் கரியமில வாயு வெளியேற்றம் 2030-க்குள் 2010-ன் அளவிலிருந்து சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050-ஐ ஒட்டி நிகர பூஜ்யம் (வெளிவிடும் அளவும் அகற்றும் அளவும் சமம்) ஆக வேண்டும் என்றது. செய்யவேண்டிய வேலைக்கு வைத்த கெடு அது. வாய் மாறி வாய் மாறி உலகம் அழியும் தேதியாகிவிட்டது.

சார்ட்டைக் கழற்றினோம். அந்த இடத்தில், எட் ஹாக்கின்ஸ் என்ற விஞ்ஞானி 2018-ல் வெளியிட்ட வெப்பக் கோடுகளை ஒட்டினோம். எண்ணே கிடையாது. ஓர் ஆண்டுக்கு ஒரு கோடு, குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. பிள்ளைகள் தங்கள் பிறந்த வருடத்தைத் தேடினார்கள், அப்புறம் பாட்டியின் வருடத்தை. ஒரு பெண், "என் பக்கத்துல நீலமே இல்லை" என்றாள். சிவப்பு முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, இனிமேல் வரும் கோடுகளை நீங்களே தீட்டுங்கள் என்றேன். முப்பத்தைந்து பேரில் ஒருவர் தீட்டியதைப்போல் இன்னொருவர் தீட்டவில்லை. அன்று கேள்வி கேட்ட பையன் மட்டும் சாயப்பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். 2030-க்கு அப்பாலும் தாள் நீள்கிறது என்பதே அவனுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

---

செய்திப் பிரிவில் வேலை பார்ப்பவர்:

நான் தப்பு செய்த கதை இது. 2023 ஜூலையில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் எழுதிய ஆய்வு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. அட்லாண்டிக் பெருங்கடலின் கவிழ்சுழற்சி, அதாவது அமோக் எனப்படும் நீரோட்ட அமைப்பு, இந்த நூற்றாண்டின் நடுவில் குலைந்துபோகலாம், 2025 முதல் 2095 வரை எப்போது வேண்டுமானாலும் ஆகலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. இரவு ஷிப்ட். பக்கம் முடிக்க இருபது நிமிடம்தான் இருந்தது. 'வளைகுடா நீரோட்டம் 2025-ல் நிற்கும்' என்று தலைப்பு வைத்தேன்.

ஒரே வரியில் இரண்டு பிழை. அட்லாண்டிக்கில் ஓடும் வளைகுடா நீரோட்டத்தைப் பெரும்பாலும் தள்ளுவது காற்று. காற்று வீசி, பூமி சுற்றுகிறவரை அது நிற்காது. அமோக் வேறு. வடக்கே போகும் உப்பு நீர் குளிர்ந்து கனமாகி ஆழத்துக்கு இறங்குவதுதான் அதன் உயிர்நாடி. கிரீன்லாந்தின் உருகுநீர் வந்து கலந்தால் கடல்நீர் உப்புக் குறைந்து லேசாகிவிடும், இறங்க மறுக்கும். அதுதான் பயம். இரண்டாவது பிழை, எழுபது வருட வீச்சில் முதல் வருடத்தை மட்டும் பிய்த்து எடுத்தது. இந்த நூற்றாண்டில் அமோக் வலுவிழக்க மிக அதிக வாய்ப்பு உண்டு, ஆனால் 2100-க்குள் திடீரென்று நின்றுபோகாது என்பதில் நடுத்தர அளவு நம்பிக்கை உண்டு என்று ஐபிசிசி 2021-ல் சொல்லியிருந்தது. அதைக் கடைசிப் பத்தியில் வைத்து, இடம் போதாமல் வெட்டிவிட்டேன்.

2025 ஜனவரியில் ஒரு வாசகர் போன் செய்தார். குரலில் வயது தெரிந்தது. "தம்பி, நீங்க போட்ட செய்தியை வெட்டி வெச்சிருக்கேன். நின்னுடுச்சா?" என்று கேட்டார். இல்லை ஐயா என்று விளக்க ஆரம்பித்தேன். "அப்ப மத்ததும் இப்படித்தானா?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. அவர் நம்பிக்கையை உடைத்தது அறிவியல் இல்லை, என் தலைப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிப்பிங் பாயின்ட்டுக்குத் 'திருப்புமுனை' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். நம் மொழியில் அது நல்ல சேதிக்கான சொல். வாழ்க்கையில் திருப்புமுனை என்றால் யாரும் பயப்படுவதில்லை. 'மீளமுடியாத கட்டம்' என்றும் எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது. ஆர்க்டிக்கின் கோடைக்காலக் கடல்பனி, பூமி குளிர்ந்தால் திரும்பி வரும் என்கிறார்கள். இப்போது 'கைமீறிப்போகும் கட்டம்' என்று எழுதுகிறேன். விஞ்ஞானிகளுக்குள்ளேயே இந்தச் சொல்மீது விவாதம் உண்டு. டிப்பிங் பாயின்ட் என்ற பேச்சே மக்களைக் குழப்பலாம், செய்யவேண்டிய வேலையிலிருந்து கவனத்தைத் திருப்பலாம் என்று ராபர்ட் காப் உள்ளிட்ட சிலர் 2024 டிசம்பரில் எழுதினார்கள். எனக்கு அது பாதி சரியாகப் படுகிறது. சொல்லை விட்டாலும் நிகழ்வு நடந்துகொண்டுதான் இருக்கும்.

---

ஸ்கூபா பயிற்சியாளர்:

நிகழ்வு நடந்துகொண்டிருக்கும் என்று மேலே எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

பவளம் வெளுப்பதை முதலில் பார்ப்பவர்கள் 'என்ன அழகு!' என்பார்கள். சில பவளங்கள் வெளுப்பதற்கு முன் ஊதாவும் மஞ்சளுமாக ஒளிர்கின்றன. அப்புறம் எலும்பு மாதிரி வெள்ளை. பவள உயிரியின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகளைச் சூடு தாங்காமல் அதுவே வெளியேற்றிவிடுகிறது. அதனால்தான் அந்த நிறம். அந்தக் கட்டத்தில் அது இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் பழுப்பு நிற இழைப்பாசி மேலே படரும். கையுறையோடு தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று வந்தது. மீன் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும் கிளைகள் அடுத்த முறை போனபோது முறிந்து கிடந்தன.

நான்காவது உலகளாவிய வெளுப்பு நிகழ்வை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். முந்தையவை 1998, 2010, 2014 முதல் 2017 வரை. நடுவில் கிடைக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. கவிழ்வது என்றால் எனக்கு அதுதான். ஒரு நாள் சூட்டில் சாவதில்லை, தேறிவர நேரம் இல்லாமல் போகிறது. 1.5 டிகிரியில் வெப்பமண்டலப் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் போகும் என்று ஐபிசிசியின் 2018 அறிக்கையே சொன்னது. 2025 அக்டோபரில் வந்த டிப்பிங் பாயின்ட் அறிக்கை, பவளத்திட்டுகள் வரம்பைக் கடந்துகொண்டிருக்கின்றன என்று எழுதியது.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இதைத் தண்ணீருக்குள் இறங்கும் முன் சொல்வதில்லை. மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் அவர்களே கேட்பார்கள்: "அந்த வெள்ளையா இருந்தது என்ன?" அப்போது சொன்னால் காதில் ஏறுகிறது. போன பருவத்தில் ஒரு அம்மா பதில் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, "அதே இடத்துக்குப் போகலாமா?" என்றார். பழுப்பும் வெள்ளையுமாக இருந்த ஒரு திட்டின் முன்னால் காற்று தீரும்வரை மிதந்துகொண்டிருந்தார்.

---

புதிதாகச் சேர்ந்தவர்:

எனக்கு அனுபவம் என்று பெரிதாக இல்லை, ஒரு சந்தேகம்தான். நாளைக்கே எல்லாப் புகையையும் நிறுத்தினாலும் வெப்பம் பல ஆண்டுகள் ஏறிக்கொண்டே இருக்கும் என்று ஓர் உரையில் கேட்டேன். அன்றிலிருந்து இந்தச் செய்திகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அது உண்மையா?

---

தொடங்கியவர்:

கேட்டதற்கு நன்றி தோழரே. ஒரு காலத்தில் அப்படித்தான் பரவலாகச் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இன்றைய புரிதல் வேறு. கரியமில வாயு வெளியேற்றம் நிகர பூஜ்யத்தை எட்டினால் உலக வெப்பநிலை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். கடலும் காடுகளும் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், கடல் சூட்டை உறிஞ்சுவது குறைவதால் வரும் வெப்ப உயர்வை அது கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகிறது. கடல்மட்டம் மட்டும் நூற்றாண்டுகளுக்கு ஏறும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சூடு நம் கையில்தான் இருக்கிறது. உங்களை விலக வைத்த அந்த வரியை யாராவது அன்றே திருத்தியிருக்க வேண்டும்.

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நாற்காலியை விட்டுவிட்டேன். போன வாரக் கூட்டத்தில் ஒரு கதை சொன்னேன். 1960-களில் அமெரிக்க ராணுவம் கிரீன்லாந்துப் பனிக்குள் கேம்ப் செஞ்சுரி என்று ஒரு தளம் வைத்திருந்தது. 1966-ல் அங்கே ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் பனியைத் துளைத்து, அடியில் இருந்த உறைந்த மண்ணையும் எடுத்தார்கள். அந்த மண்ணை எல்லோரும் மறந்துபோனார்கள். 2017-ல் டென்மார்க்கில் ஒரு உறைபெட்டியில் தற்செயலாகக் கிடைத்தது. கழுவிப் பார்த்தால் சுள்ளியும் இலையும் பாசியும். அந்த மண்ணில் கடைசியாக வெயில் பட்ட காலத்தைக் கணக்கிட்டு, சுமார் 4,16,000 ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் பனியே இல்லை என்று 2023-ல் எழுதினார்கள். அன்று காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு அளவில்தான் இருந்தது. இன்று 420-க்கும் மேல்.

டமார் எதுவும் இல்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "அவ்வளவு பனிக்கு அடியில இலையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேள்விகள் முடிய ஒரு மணி நேரம் ஆனது.

அந்த மாணவிக்கும் அந்தக் கதையை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். நேற்று பதில் வந்தது. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மண்ணில் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள், ஆய்வகத்தில் வெளிச்சம் பட்டால் கணக்கு அழிந்துவிடாதா என்று கேட்டிருந்தாள். மங்கலான சிவப்பு விளக்கில் பிரிப்பார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். மீதியை இன்று இரவு படித்துவிட்டு அவளுக்கு எழுத வேண்டும்.