சாக்லேட்டில் வெள்ளைப் படலம்: ‘ப்ளூம்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

மும்பை மாட்டுங்காவிலிருந்து:

வணக்கம். நம் சொற்பட்டியலுக்காக எழுதுகிறேன். சாக்லேட்டின் மேல் சாம்பல் தடவியதுபோல் வரும் படலத்தை ஆங்கிலத்தில் ப்ளூம் என்கிறார்கள். தமிழில் பலரும் ‘பூஞ்சை’ என்று எழுதிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லால் நல்ல பண்டம் குப்பைக்குப் போகிறது. பூஞ்சை உயிருள்ளது, இது வெறும் கொழுப்பு, அல்லது சர்க்கரை. தின்றால் கெடுதல் இல்லை, வாய்க்குத்தான் சுகப்படாது.

சுவர் ‘உப்புப் பூத்துப்போச்சு’ என்கிறோமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. உள்ளே இருந்தது மேலே வந்து வெளுத்துப் படிகிறது. ஆகவே நெய்பூத்தல், சர்க்கரைபூத்தல் என்ற இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். ‘பூப்பு’ கூடாது; அதற்கு வேறு பொருள் ஊன்றிவிட்டது.

ஏன் இரண்டு? காரணங்கள் வேறு. சாக்லேட்டிலுள்ள கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஆறு விதப் படிகமாக உறையக்கூடியது. ஐந்தாம் விதம்தான் பளபளப்பும், ஒடிக்கும்போது ‘டக்’கென்ற ஓசையும் தரும், சுமார் 34 டிகிரியில் உருகும். மே மாத மதியத்தில் கைப்பையில் இளகிய பார் இரவில் தானாக உறைந்தால் படிகங்கள் கண்டபடி கட்டும், நெய் மேலேறிப் பூக்கும். சர்க்கரை பூப்பது ஈரத்தால். மும்பையில் ஜூலைக் காற்றில் 25 டிகிரிக்குக் குளிர்ந்த எதுவும் வியர்க்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் நீர் கோத்துச் சர்க்கரையைக் கரைக்கும். நீர் காய்ந்ததும் சர்க்கரை சொரசொரப்பாக நிற்கும்.

முலுண்டிலிருந்து:

பூஞ்சையை விலக்கியது சரி. இரண்டு தடைகள். மைசூர்பாகு கிளறும்போது ‘பூத்து வருது’ என்றால் நுரைத்துப் பொங்குவது, அது நல்ல அறிகுறி. இங்கே பூத்தல் குறையாகிறது. அடுத்து, நெய் என்றதும் பசுநெய்தான் நினைவுக்கு வரும். ‘கொழுப்புப் படலம்’ போதாதா?

செம்பூரிலிருந்து:

போதாது ஐயா. படலம் பெயராகவே நின்றுவிடும். பேச்சுக்கு வினை வேண்டும்: ‘இந்த பார் நெய்பூத்துடுச்சு’ என்று கடைக்காரரிடம் சொல்ல முடியவேண்டும். எள்ளின் நெய்தானே எண்ணெய்? நெய் பழைய பொருளில் எல்லாக் கொழுப்புக்கும் உரியது. ‘கொழுப்பு’ பேச்சில் திமிரையும் குறிக்கும். மைசூர்பாகில் பூப்பது பாகு. முன்னொட்டு இருக்கும்போது குழப்பம் வராது.

பிரித்தறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். நெய்பூத்த இடத்தில் அது முத்தாக நிற்கும். சர்க்கரைபூத்த இடத்தில் பரவி, வெள்ளையைக் கரைத்துவிடும். விரலால் தேய்த்தாலும் தெரியும்: நெய் வழுக்கி மறையும், சர்க்கரை நறநறக்கும். நெய்பூத்ததை உருக்கி மறுபடி பதம் பண்ணலாம். டார்க் சாக்லேட் என்றால் 45 டிகிரிக்கு மேல் உருக்கி, கிளறியபடி 28க்கு இறக்கி, 31 அல்லது 32க்கு ஏற்ற வேண்டும். மில்க் சாக்லேட்டுக்கு இறுதிச் சூடு 30க்குள். 34ஐத் தாண்டினால் கட்டிய நல்ல படிகமும் உருகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வேலைக்கு ‘பதப்படுத்தல்’ என்று எழுதாதீர்கள். அது மீனுக்கும் பழத்துக்கும் போய்விட்டது. ஆங்கிலத்தில் இதற்கும் தாளிப்புக்கும் டெம்பரிங் என்பதால் ‘தாளித்தல்’ என்று போடுவது அதைவிடப் பிழை. ‘பதங்கட்டல்’ என் விருப்பம்.

சர்க்கரைபூத்ததைப் பாலில் கரைத்துக் குடித்துவிடலாம். பாராக மீட்க முடியாது.

இன்னொன்று. ‘வாயில் கரையும் சாக்லேட்’ என்பதையும் திருத்திக்கொள்வோம். கல்கண்டு கரைகிறது, சாக்லேட் உருகுகிறது. உருகுவதால்தான் நாக்கில் லேசான குளிர்ச்சி தெரிகிறது.

மாட்டுங்காவிலிருந்து:

ஏற்கிறேன் அம்மா. சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா? நெய்பூத்தல் (வினை: நெய்பூ): வெப்பத்தால் இளகிய சாக்லேட்டில் கொழுப்பு மேலேறி வெளுத்தல். சர்க்கரைபூத்தல்: ஈரம் பட்டுக் காய்ந்த சாக்லேட்டில் சர்க்கரை வெளுத்துப் படிதல். எடுத்துக்காட்டு: ‘ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியே வை, இல்லாவிட்டால் சர்க்கரைபூக்கும்.’ பதங்கட்டலுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.