டைப் 1 சர்க்கரை நோய்: செல் சிகிச்சை செய்தால் இன்சுலின் ஊசியே வேண்டாமா?

ராத்திரி2மணி:
மகளுக்கு 11 வயது, டைப் 1 வந்து 4 வருடம் ஆகிறது. நடுராத்திரி சுகர் பார்க்க எழுப்பினால் கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டுவாள், அந்த அளவுக்குப் பழகிவிட்டது. ஸ்டெம் செல் போட்டு இன்சுலினை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. நிஜமா, வழக்கமான வாட்ஸ்அப் கதையா?

கணையக்காரன்:
நிஜம்தான், ஆனால் பாதிதான் சொல்லியிருப்பார்கள். 2000-லேயே கனடாவின் எட்மன்டனில் ஷாப்பிரோ குழு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் ஐலெட் செல்களைப் பிரித்து ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தி 7 பேருக்கு ஊசியை நிறுத்திக் காட்டியது. அப்புறம் 5 வருடத்துக்குள் இப்படிச் சிகிச்சை பெற்ற பெரும்பாலானவர்கள் ஊசிக்கே திரும்பிவிட்டார்கள், தவிர ஒருவருக்கே 2 கணையம் வேண்டியிருந்தது, அத்தனை கணையத்துக்கு எங்கே போவது? எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து ஐலெட் வளர்த்தால் அந்தத் தட்டுப்பாடு இல்லை. அப்படி வளர்த்த ஐலெட்தான் வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஜிமிஸ்லெசெல், அதன் ஆய்வு 2025-ல் வந்தது: முழு டோஸ் போட்ட 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்தும் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் உடம்பு அந்தச் செல்களை அழிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். வீடியோவில் இதுதான் வராது.

மாத்திரை டப்பா:
அந்த மருந்தைச் சாப்பிடுகிறவன் நான். டைப் 1, கிட்னி மாற்றி 6 வருடம். டாக்ரோலிமஸ் போட்ட ஒரு மணி நேரத்தில் கை நடுங்கும், தம்ளரை நிறைத்துப் பிடிக்க முடியாது, மற்றவர்களுக்கு மூன்று நாள் சளி எனக்கு மூன்று வாரம். இதில் வேடிக்கை, அந்த மாத்திரையே சுகரை ஏற்றும், கிட்னியையும் பதம் பார்க்கும். எனக்கு வேறு வழியில்லை, சரி. குழந்தைக்கு ஊசிக்குப் பதிலாக இதைத் தரச் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வில் சேர்த்ததும் சுகர் இறங்குவதே தெரியாமல் மயங்கி விழுகிற பெரியவர்களைத்தான்.

கணையக்காரன்:
ஸ்வீடனில் டைப் 1 உள்ள ஒருவருக்கு, உடம்பு அழிக்காதபடி மரபணுவைத் திருத்திய ஐலெட்டை முன்கைத் தசையில் வைத்தார்கள், அடக்கும் மருந்தே இல்லாமல். செல்கள் பிழைத்து இன்சுலின் சுரக்கின்றன. போட்டது சின்ன டோஸ் என்பதால் ஊசி தொடர்கிறது. நான் எதிர்பார்ப்பது இந்த வழியைத்தான்.

ராத்திரி2மணி:
ஒரு கிளினிக்கில் அவள் கொழுப்பிலிருந்தே செல் எடுத்துப் போடுகிறோம், மாத்திரை வேண்டாம், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்களே?

மாத்திரை டப்பா:
இதற்கு முன் போட்டவர்களின் சி-பெப்டைடு ரிப்போர்ட், முன்னும் பின்னும், கேளுங்கள். உடம்பு சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு நாள்கூட ஊசியை விடாதீர்கள்.

ராத்திரி2மணி:
கேட்டேன். "அந்த டெஸ்டெல்லாம் நாங்கள் எடுப்பதில்லை மேடம்" என்று போனை வைத்துவிட்டார்கள்.